உயிரும் உயரமும்: ருவாண்டாவின் எண்களை வாசித்தல்

ஒரு நாட்டின் வளர்ச்சியைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டுவிட்டு, அந்த நாட்டின் இரண்டே இரண்டு எண்களைச் சுற்றிச் சுற்றி வரப்போகிறேன். நாடு கிழக்கு ஆப்பிரிக்காவின் ருவாண்டா. முதல் எண் உயிரைப் பற்றியது. 2005-ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 152 பேர் ஐந்து வயதைத் தொடாமலே இறந்தார்கள். 2019-20 கணக்கெடுப்பில் அது 45. இரண்டாவது எண் உயரத்தைப் பற்றியது. அதே 2005-இல் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு குழந்தைகளில் 51 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 2019-20-இல் அப்படிப்பட்டவர்கள் 33 பேர். முதல் எண் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டாவது மூன்றில் இரண்டு பங்கிலேயே நிற்கிறது. இரண்டும் ஒரே கணக்கெடுப்பில் வந்தவை, ஒரே அரசின் கீழ் நடந்தவை. பிள்ளைகளைச் சாகாமல் காக்கக் கற்றுக்கொண்ட நாட்டுக்கு அவர்களை வளர்த்தெடுப்பது ஏன் இத்தனை கடினமாக இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. ஓர் அரசு கொண்டுபோய்க் கொடுக்கக்கூடியவை சில உண்டு. ஒரு வீட்டுக்குள் விளைந்தே தீர வேண்டியவை சில உண்டு. ருவாண்டாவின் எண்கள் இந்தக் கோட்டில்தான் இரண்டாகப் பிரிகின்றன என்பது என் விடை. அதைக் கூடியவரை நிறுவப் பார்க்கிறேன்.

நாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பரப்பு 26,338 சதுர கிலோமீட்டர். 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1 கோடியே 32 லட்சம். அதாவது சதுர கிலோமீட்டருக்கு ஐந்நூறு பேர். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இவ்வளவு நெருக்கமாக மக்கள் வாழும் நாடு அபூர்வம். ஆயிரம் குன்றுகளின் நாடு என்று பிரெஞ்சு மொழியில் சொன்னது இன்றும் சுற்றுலாப் பலகைகளில் இருக்கிறது. உழவருக்கு அதன் பொருள் வேறு. சரிவில் வெட்டிய படிக்கட்டு நிலம், பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைவு, அதுவும் இங்கொரு துண்டு அங்கொரு துண்டு. 1994 ஏப்ரலில் டுட்சி இனத்தவருக்கு எதிராகத் தொடங்கிய இனப்படுகொலை ஏறத்தாழ நூறு நாளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பத்து லட்சத்துக்கும் மேல் என்பது அரசின் கணக்கு. மருத்துவர்களும் செவிலியர்களும் செத்தார்கள் அல்லது ஓடினார்கள். எனவே முதலில் ஒரு மறுப்பு எழும்: படுகுழியில் விழுந்த நாடு பழைய மட்டத்துக்கு ஏறிவந்ததைச் சாதனை என்று சொல்லலாமா? நியாயமான கேள்வி. அதற்குக் கணக்கெடுப்புகளே பதில் வைத்திருக்கின்றன. படுகொலைக்கு இரண்டு ஆண்டு முன், 1992-இல், இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 151. 2000-இல் 196. 2005-இல் 152. ஆக, 2005-இல்தான் ருவாண்டா விழுந்த இடத்துக்குத் திரும்பி வந்தது. மீட்சி அங்கே முடிந்துவிட்டது. அதன் பிறகு 2010-இல் 76, 2014-15-இல் 50. பத்தே ஆண்டில் மூன்றில் ஒன்றாகக் குறைந்த இந்தப் பகுதியை மீட்சி என்று தள்ளிவிட முடியாது. அது புதிதாகக் கட்டப்பட்டது.

எப்படிக் கட்டினார்கள்? நிர்வாகத்தின் கடைசிப் படியிலிருந்து தொடங்கினார்கள் என்று சொல்லலாம். நாட்டில் ஏறத்தாழ 14,800 உமுதுகுதுக்கள் இருக்கின்றன. உமுதுகுது என்பதைச் சிற்றூர் என்று கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் ஊராரே தேர்ந்தெடுத்த சுகாதாரப் பணியாளர்கள் மூவரை வைத்தார்கள்: ஓர் ஆண், ஒரு பெண், கர்ப்பிணிகளையும் பச்சிளங்குழந்தைகளையும் மட்டும் பார்க்க இன்னொரு பெண். மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு என்ற மூன்று கொலையாளிகளுக்கும் ஊரிலேயே மருந்து கொடுக்க இவர்களுக்கு அதிகாரம் உண்டு. இதன் மேல் மியூச்சுவெல் எனப்படும் ஊர்க் காப்பீடு. 1999-இல் மூன்று மாவட்டங்களில் சோதித்துப் பார்த்துப் பின்னர் நாடெங்கும் விரித்தார்கள். இதற்கும் மேலே இமிஹிகோ: மாவட்டத் தலைவர்கள் இத்தனை இலக்குகளை எட்டுவோம் என்று குடியரசுத் தலைவரிடமே எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம், 2006 முதல். தடுப்பூசியில் பணக்கார நாடுகளோடு போட்டி போட்டார்கள். நிமோகாக்கல் தடுப்பூசி 2009-இல் வந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 2011-இல் நாடு முழுவதும் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்ட முதல் ஆப்பிரிக்க நாடு ருவாண்டாதான். மருத்துவ நிலையங்களில் நடக்கும் பிரசவம் 2005-இல் நூற்றுக்கு 28, 2010-இல் 69, 2014-15-இல் 91. ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவர்கூட இல்லாத நாட்டில் நடந்தது இது. அக்னஸ் பினக்வாஹோ சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில் உலக மருத்துவ இதழ்கள் இந்த நாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியதில் வியப்பில்லை.

இங்கே இன்னொரு மறுப்பு குறுக்கே வருகிறது, இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த எண்களை நம்பலாமா? 2024-இல் 99 சதவீத வாக்கோடு குடியரசுத் தலைவர் தேர்ந்தெடுக்கப்படும் நாட்டில் (அதுவும் ஒரு குறியீடுதான்) மற்ற சதவீதங்களையும் ஐயத்தோடு பார்ப்பது இயல்பு. ஐயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2010-11-இல் 44.9 சதவீதமாக இருந்த வறுமை 2013-14-இல் 39.1 ஆனது என்று அரசு அறிவித்தபோது, வறுமைக்கோட்டைக் கணக்கிட வைத்திருந்த உணவுக் கூடையையே மாற்றிவிட்டார்கள், பழைய கூடையோடு விலைவாசியையும் வைத்துக் கணக்கிட்டால் வறுமை குறையவில்லை, கூடியிருக்கிறது என்று ஆன் ஆன்சம்ஸ், ஃபிலிப் ரைன்ட்ஜென்ஸ் போன்ற பெல்ஜிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2019-இல் ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழும் அதே முடிவை நோக்கிப் போனது. அரசு மறுத்தது; உலக வங்கி அரசின் பக்கம் நின்றது. வறுமை எண்ணைப் பொறுத்தவரை என் சார்பு ஐயப்படுபவர்கள் பக்கம்தான். ஏனென்றால் வறுமை விகிதம் நேரே எண்ணிப் பார்த்துச் சொல்லும் எண் அல்ல. கூடை, விலை, கோடு என்று மூன்று இடத்தில் மனிதர் முடிவெடுத்துச் செய்யும் எண். குழந்தை இறப்பு அப்படியல்ல. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்ணிடம் போய், எத்தனை பெற்றாய், எப்போது பெற்றாய், யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். பல நாடுகளில் ஒரே வினாத்தாள். பொய்யே சொல்ல முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே கணக்கெடுப்புதான் மூன்றில் ஒரு குழந்தை வளர்ச்சி குன்றியது என்றும் வெளியிட்டது. 2024-க்குள் 19 சதவீதம் என்று அரசு தானே போட்டுக்கொண்ட இலக்குக்கு அருகில்கூட அது வரவில்லை. எண்களைச் சமைப்பவன் ஒரு பானையை மட்டும் கருகவிட மாட்டான். சங்கடப்படுத்தும் எண்தான் பெருமைப்படுத்தும் எண்ணுக்குச் சாட்சி.

சரி, உயரத்துக்கு வருவோம். வளர்ச்சி குன்றுதல் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அருகில் போய்ப் பார்த்தால் என் வாதம் பாதி விளங்கிவிடும். ஊர்ச் சுகாதாரப் பணியாளரின் பையில் ஒரு நாடா இருக்கிறது. குழந்தையின் இடது மேற்கையின் நடுவில் சுற்றி இழுத்தால் சிறு சாளரத்தில் நிறம் தெரியும். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு, 125 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. எழுத்தறிவு அதிகம் வேண்டாம், அரை நிமிட வேலை. நாடா காட்டுவது மெலிவை, உடனே உயிருக்கு ஆபத்தான பட்டினியை. ருவாண்டாவில் மெலிந்த குழந்தைகள் 2019-20-இல் நூற்றுக்கு ஒருவர்தான். அநேகமாக எல்லாக் கையிலும் பச்சை. உயரத்தை அளக்க நாடா போதாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை மரப்பலகையில் படுக்க வைக்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையின் முனையோடு அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை நீட்டி உள்ளங்காலுக்கு நகர்பலகையைத் தள்ள வேண்டும். பிள்ளை வீறிட்டு அழும். பிறந்த தேதி துல்லியமாகத் தெரிய வேண்டும். பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையைப் பார்க்க வேண்டும்: இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடுவளவு ஏறத்தாழ 86 சென்டிமீட்டர், 80-க்கும் கீழே போனால் குன்றியவள். ஆறு சென்டிமீட்டர் என்பது நான்கு விரல் அகலம்கூட இல்லை. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அதே உயரம் என்றால் தாயின் கண்ணுக்கு அது படவே படாது. பச்சை நாடா கட்டிய கையோடு, குன்றிய உயரத்தோடு, சிரித்துக்கொண்டு நிற்கும் குழந்தைதான் இந்த நாட்டின் புள்ளிவிவரப் புதிர்.

இந்தக் குழந்தைக்குக் கிடைத்தவற்றையும் கிடைக்காதவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தடுப்பூசிகள் முழுமையாக: 2019-20-இல் 96 சதவீதம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்: 81 சதவீதம், உலகில் பல நாடுகள் கனவு காணும் அளவு. ஆறு மாதம் முடிந்ததும் கதை மாறுகிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை, குறைந்தபட்சம் போதும் என்று சொல்லத்தக்க வகையும் வேளையும் உள்ள உணவு கிடைப்பது 22 சதவீதத்தினருக்கு மட்டும்; 2014-15-இல் அது 18. சோளக் கஞ்சி, சர்க்கரைவள்ளி, வாழை, அவரை. முட்டையும் பாலும் மீனும் அரிது. இரத்தசோகை உள்ள குழந்தைகள் 2014-15-இல் 37 சதவீதம், 2019-20-இலும் 37. தாய்ப்பாலுக்குக் காசு வேண்டாம், ஊசியை அரசு கொண்டுவருகிறது. இரண்டிலும் எண் உச்சியில். கஞ்சிக்குள் ஒரு முட்டை விழ வேண்டும் என்றால் வீட்டில் கோழி வேண்டும், அல்லது கையில் காசு வேண்டும். அங்கே எண் தரையில். ஐந்து சமக் கூறுகளாகக் குடும்பங்களை வசதிப்படி பிரித்தால் இன்னும் தெளிவு. மேல்தட்டுக் கூறில் குன்றிய குழந்தைகள் 2014-15-இல் 21 சதவீதம், 2019-20-இல் 11. அடித்தட்டுக் கூறில் அப்போதும் ஏறக்குறைய பாதிப் பேர், இப்போதும் ஏறக்குறைய பாதிப் பேர். நாட்டுச் சராசரி ஐந்து புள்ளி இறங்கிய அந்த ஆண்டுகளில் கடைசிப் படியில் ஒன்றுமே அசையவில்லை.

இனவாகு என்று ஒரு விளக்கம் உடனே சொல்லப்படும்: அந்த மக்கள் இயல்பிலேயே குட்டையாக இருக்கக்கூடாதா? அப்படியானால் வசதியுள்ள வீட்டில் 11, இல்லாத வீட்டில் ஐம்பது என்று எப்படி வரும்? உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலும் ஐரோப்பியக் குழந்தைகளை மட்டும் வைத்துச் செய்ததல்ல. கானா, இந்தியா, ஓமன், பிரேசில், நார்வே, அமெரிக்கா என்ற ஆறு நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த பிள்ளைகளை அளந்து, முதல் ஐந்து ஆண்டில் எல்லாரும் ஏறத்தாழ ஒரே போலத்தான் வளர்கிறார்கள் என்று கண்ட பிறகு வகுத்தது. இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. முன்பு இறந்துபோயிருக்கக்கூடிய நலிந்த குழந்தைகள் இப்போது பிழைத்துவிடுகிறார்கள். அவர்கள்தான் குன்றியவர்களின் எண்ணிக்கையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்பது. அதாவது உயரம் வராததே உயிர் காத்ததன் விலை. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2005-க்கும் 2014-15-க்கும் இடையில் நூறு பிறப்புக்குப் பத்து உயிர் கூடுதலாகக் காக்கப்பட்டது. அந்தப் பத்துப் பேரும், ஒருவர் விடாமல், குன்றியவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் அந்த ஆண்டின் 38 சதவீதத்தில் ஏழு புள்ளியை மட்டுமே விளக்க முடியும். மிச்சம் 31-க்கு வேறு காரணம் தேட வேண்டும். பக்கத்தில் கென்யாவைப் பாருங்கள். அதன் 2022 கணக்கெடுப்பில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 41, ருவாண்டாவின் அளவுதான். குன்றிய குழந்தைகள் 18 சதவீதம், ருவாண்டாவின் பாதியை ஒட்டியது. கென்யாவில் சுகாதாரக் காப்பீடு உள்ளவர் நான்கில் ஒருவர் என்ற அளவுக்குத்தான்; ருவாண்டாவில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல். ஆனால் கென்யாவின் தலா வருமானம் ருவாண்டாவின் ஆயிரம் டாலரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அரசு எந்திரத்தில் பின்தங்கிய நாடு உயரத்தில் முந்துகிறது.

அப்படியானால் வீட்டுக்குள் விளைய வேண்டியதை விளைவிக்க அரசு முயலவே இல்லையா? முயன்றது, அதுவும் அதே எந்திரத்தைக் கொண்டு. 2007-இல் பயிர்ச் செறிவூட்டல் திட்டம் வந்தது. எந்த வட்டாரத்தில் மக்காச்சோளம், எங்கே உருளைக்கிழங்கு, எங்கே கோதுமை என்று மேலிருந்து முடிவாயிற்று. சிறு துண்டுகளைச் சேர்த்து ஒரே பயிர் போடச் சொன்னார்கள். விதையும் உரமும் வந்தன, விளைச்சல் கணக்கும் உயர்ந்தது. நீல் டாசனும் உடன் ஆய்வாளர்களும் மேற்கு ருவாண்டாவின் ஊர்களில் ஆராய்ந்து 2016-இல் எழுதியது வேறு கதை: கொஞ்சம் வசதியுள்ளவர்களுக்கே புதிய முறை கட்டுப்படியாயிற்று, ஏழை உழவர்களுக்குக் கலப்புப் பயிரும் அது தந்த காப்பும் போயின. இதில் புரியாதது ஒன்றுமில்லை. அரைக்கால் காணியில் அவரைக்குள் சோளம், சோளத்துக்குள் வள்ளி, ஓரத்தில் கீரை என்று போட்டவருக்கு அந்தத் துண்டுதான் குழந்தையின் தட்டு. டன் கணக்கில் பார்க்கும் அதிகாரிக்கு அது ஒழுங்கில்லாத நிலம். எண்ணக்கூடியது வென்றது, தின்னக்கூடியது தோற்றது. 2010, 2011-இல் நாடு முழுதும் கூரை வீடுகளை ஒழித்து, தகரம் போட்டதும் இதே மனப்போக்குதான். தகரக் கூரைகளை ஒரு மலைச்சரிவிலிருந்து பார்த்தே எண்ணிவிடலாம். அடியில் உலை கொதிக்கிறதா என்பது அங்கிருந்து தெரியாது.

பெண்களைப் பற்றிய எண்களும் இதே கோட்டில் பிரிகின்றன. 2003 அரசியலமைப்பு முப்பது சதவீத இடத்தைக் கட்டாயமாக்கியது. 2008-இல் கீழவையில் 56 சதவீதம் பெண்கள், உலகிலேயே பெண்கள் பெரும்பான்மையான முதல் நாடாளுமன்றம். 2013 முதல் அறுபதுக்கு மேல். சொத்தில் பெண்ணுக்குப் பங்கு, நிலப் பதிவேட்டில் கணவனோடு அவள் பெயர் என்று இதனால் விளைந்த நன்மைகளை நான் சிறிதாக்க மாட்டேன். ஆனால் இடம் என்பது ஒதுக்கிக் கொடுக்கக்கூடிய பொருள். நேரத்தை அப்படி ஒதுக்க முடியாது. குன்றிலிருந்து இறங்கித் தண்ணீர் தூக்கி, விறகு பொறுக்கி, களை கொத்தி வரும் தாய் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை முறை ஊட்ட முடியும்? அந்த வயதில் பிள்ளைக்கு வேண்டியது சிறிது சிறிதாக, அடிக்கடி. காலையில் காய்ச்சிய கஞ்சியே மாலை வரை. அந்தத் தண்ணீரில் வந்த வயிற்றுப்போக்கு இப்போது பிள்ளையைக் கொல்வதில்லை, ஊர்ப் பணியாளர் உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் தந்துவிடுகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் சில வாரத்து வளர்ச்சியை எடுத்துக்கொண்டுதான் அது போகிறது.

வலுவான அரசின் கைகள் இல்லாமல் இந்த அளவுக்காவது வந்திருக்குமா என்று ருவாண்டாவின் ஆதரவாளர்கள் கேட்பார்கள். வந்திருக்காது என்றே நினைக்கிறேன். வீட்டில் பிரசவித்தவர்களுக்குச் சில இடங்களில் அபராதம் விதித்ததைக் கள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது எனக்கு உவப்பில்லை, ஆயினும் பிரசவங்கள் நிலையங்களுக்கு வந்தன, தாய்மார் பிழைத்தார்கள். 2000-இல் லட்சம் பிரசவத்துக்கு 1,071 தாய்மார் இறந்தார்கள், 2019-20-இல் 203. ருவாண்டாவின் வெற்றி எல்லாம் வெறும் நாடகம் என்று சொல்பவர்களால் இந்த எண்ணைக் கடந்து போக முடியாது. நான் சொல்வது, அந்தக் கைகளின் எல்லை எங்கே என்பதை மட்டுமே. ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுக்கத்தக்கது பிரசவ எண்ணிக்கை. கஞ்சியில் முட்டை எழுதிக்கொடுக்கத்தக்கதல்ல. வீட்டுக்கொரு காய்கறிப் பாத்தி என்று உத்தரவிட்டார்கள், கணக்கெடுக்கும் நாளில் பாத்தி இருக்கும். ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள். அது நல்ல காரியம், ஆனால் பொட்டலம் எத்தனை பேருக்குப் பங்காகிறது என்பதை அடுப்பு முடிவு செய்கிறது. மேலும் இந்த எந்திரத்தின் எண்ணெய் பெருமளவு வெளிநாட்டுப் பணம். கொங்கோவின் எம்23 கிளர்ச்சியாளர்களோடு ருவாண்டாவுக்குள்ள தொடர்பை முன்னிட்டு 2012-இலும் 2025-இலும் பல நாடுகள் உதவியை நிறுத்தின. கொண்டுபோய்க் கொடுப்பதில் மட்டும் கட்டிய வெற்றிக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. மனித வளர்ச்சிக் குறியீடு ஆயுளையும் படிப்பையும் வருமானத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்குகிறது. உயரம் அதில் இல்லவே இல்லை. அதை மட்டும் படிப்பவருக்கு நான் சொன்ன பிளவு கண்ணில் படாது.

அரசின் திட்டங்களில் இந்தக் கோட்டைத் தாண்டப் பார்த்தது ஒன்று உண்டு. 2006-இல் தொடங்கிய கிரிங்கா: ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு, அதன் முதல் கிடாரிக்கன்று பக்கத்து வீட்டுக்கு. குழந்தைகளுக்குப் பால் கிடைக்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கங்களில் ஒன்று. கொடுப்பது ஒருமுறை, விளைவது வீட்டில் என்பதால் எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்த வீட்டின் முடிச்சையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். 2011-இல் வகுத்த கணக்கின்படி, மிக ஏழை என்ற பட்டியலில் சேராத சாதாரணக் குடும்பம் மியூச்சுவெல் காப்பீட்டுக்குத் தலைக்கு 3,000 ஃபிராங்க் கட்ட வேண்டியிருந்தது. ஆறு பேர் என்றால் ஆண்டுக்கு 18,000. நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் இன்னும் 200. காப்பீட்டு விகிதம் மாவட்டத்தின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதனால் கட்டச் சொல்லி ஊர்த் தலைவர் வருவார், வர வேண்டியது அவர் கடமை. கையில் காசு புழங்காத அந்த வீட்டில் அன்றாடம் விற்கக்கூடியது பசு கறக்கும் பால்தான்.